மின்சார காரில் ‘டக்’ சத்தமா? மண்டபம் பாய் ஷெட்டுக்குப் போங்கள்

உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடத்துப் பள்ளிக்குத் தினமும் மின்சார காரில்தான் போய்வருகிறேன். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன மாசியில் அதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. முதலில் கேட்டது பாம்பன் பாலத்தில். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் நடுவில் மேடேறி இறங்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்த நொடியில், இடது ஜன்னல் வழியாக ஒரு ‘டக்’. கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பியதால் தெளிவாகக் கேட்டது. டீசல் வண்டியாக இருந்தால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும்.

கம்பெனி சர்வீஸில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சாஃப்ட்வேரைப் புதுப்பித்துவிட்டு, “மின்சார வண்டியில் இப்படித்தான் இருக்கும் மேடம்” என்றார்கள். யாரும் என்னோடு ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று வரவில்லை. எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

அப்புறம் பள்ளியில் ஒருவர் சொல்லித்தான் மண்டபத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய இந்த ஷெட்டுக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் வேப்பமரம், அதன் அடியில் பிரித்துப் போட்ட விசைப்படகு இன்ஜின் ஒன்று. பாய் இருபது வருடம் படகு இன்ஜின் பார்த்தவர், அதற்குப் பிறகுதான் கார் வேலைக்கு வந்திருக்கிறார். போனதும் பானட்டைத் திறக்கவில்லை. “எப்பக் கேக்குது டீச்சர்? மிதிக்கும்போதா, விடும்போதா, திரும்பும்போதா?” என்று கேட்டு, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏசியை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கச் சொன்னார். நாற்பதில் போய்க் காலை எடுத்து மிதித்தால் ‘டக்’. ரீஜென் என்பது காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவது. அதன் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அதையே செய்யச் சொன்னார், சத்தம் பாதியாகக் குறைந்தது. காலை எடுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மிதித்தால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. விசை திசை மாறுகிற அந்த நொடியில் எங்கே தொய்வு இருக்கிறதோ அங்கே தட்டும். “நங்கூரக் கயிறு தொய்ஞ்சு கெடந்து வெடுக்குன்னு இழுபடுதுல்ல, அது மாதிரி” என்றார் பாய்.

அடுத்து ஓட்டத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னார். சத்தம் மொத்தமாக நின்றது. டயரோ வீல் பேரிங்கோ என்றால் சக்கரம் சுற்றும்வரை உறுமிக்கொண்டேதான் இருக்கும், ஆக அது இரண்டும் இல்லை. கடைசியாக ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக மிதித்து வட்டமடித்தோம். இடது முன்சக்கரத்திலிருந்து டிக், டிக், டிக். இடதுபக்கம் ஒடித்தால் ஒன்றுமில்லை. “இடது ஆக்சில், வெளி ஜாயின்ட்” என்றார். மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டில், சக்கரத்தை ஒட்டி இருக்கும் மூட்டு அது. அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட அவர் தொடவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஜாக்கி வைக்கிற இடத்தைக் காட்டும் பக்கத்தைக் கையேட்டில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி, கண்ட இடத்தில் ஜாக்கி போட்டால் அது நசுங்கிவிடும். பக்கவாட்டில் குறித்திருந்த இடத்தில் மரக்கட்டை வைத்துத்தான் தூக்கினார். சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். “ஆரஞ்சு கலர் ஹைவோல்டேஜ் வயர் பக்கம் என் கை போகாது, அது படிச்சவங்க வேலை” என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். கறுத்துப் போன கிரீஸை எடுத்து என் விரலில் வைத்தார். நெரித்துப் பார்த்தேன், நறநறவென்று மணல். பொங்கல் விடுமுறையில் அரிச்சல்முனைக்குப் போனபோது, காற்று சாலையில் கொண்டுவந்து குவித்திருந்த மணலில் வண்டியை ஏற்றி இறக்கினோம். அன்றைக்குக் கிழிந்ததா, முன்பே கிழிந்திருந்ததா தெரியாது, மணல் மட்டும் அங்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஜாயின்ட் மதுரையிலிருந்து வர மூன்று நாள் ஆனது. பழைய ஹப் நட்டைத் திரும்பப் போடாமல் புதிது வாங்கி, டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினார். பாகத்துக்கு 6,400 ரூபாய், கூலி 1,200. பழைய ஜாயின்ட்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். சத்தம் போய் இரண்டு மாதம் ஆகிறது.

வேகம் கூடக்கூட மெல்லிசாக ‘ஙொய்’ என்று கேட்கிறதே, அதையும் கேட்டேன். மோட்டாரும் கியரும் சுற்றுகிற சத்தம், அது இருக்கத்தான் செய்யும் என்றார். காலையில் முதல் பிரேக்கில் வரும் ‘சர்ர்’ உப்புக்காற்றில் டிஸ்க்கில் படிகிற துரு. ரீஜெனே வண்டியை நிறுத்திவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு, துரு தேய்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை, பின்னால் வண்டி வராத இடத்தில், ரீஜெனைக் குறைத்து நாலைந்து தடவை பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். கடலோரத்தில் இந்த வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

குறையும் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் இல்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, மோட்டாருக்குள்ளிருந்தே சத்தம் வந்தாலோ அவர் பார்க்க மாட்டார், கம்பெனிக்குத்தான் போகச் சொல்வார். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்தப் பக்கம், என்ன வேகத்தில் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போனால் இன்னும் நல்லது, அதைத்தான் முதலில் கேட்பார்.