"ஈரமே ஏறாது" என்று விற்கும் கிண்ணி மருந்து: வாங்கி ஏமாந்த கதை

கல் எஃகில் உரசிப் பறக்கும் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கியான சக்கிமுக்கித் துப்பாக்கி சுடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழலின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் போடும் கரிமருந்துதான் கிண்ணி மருந்து; பொறியில் அது முதலில் பற்றி, குழலுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். மழைக்காலத்துக்கென்றே தயாரித்தது, 4 எஃப்-ஐ விட (எஃப் என்பது மணியின் அளவு; எண் கூடினால் மருந்து நைசு) நைசானது, ஈரமே ஏறாது என்று சொல்லிச் சின்னப் புட்டியில் கிண்ணி மருந்து விற்கிறார்கள். நான் வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். சரக்கு எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

போட்டியன்று தூறல். சுடும் இடத்துக்கு மேலே கூரை இருந்தது, ஆனால் காற்றே நசநசவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 கணக்கு. முதல் குண்டு சுத்தமாகப் போனது. இரண்டாவதில் கிண்ணியில் புஸ்ஸென்று பற்றி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் குழலுக்குள் இருந்த மருந்து வெடித்தது. மூன்றாவதில் பொறி நன்றாகப் பறந்தது, மருந்து பற்றவே இல்லை. குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிண்ணியைப் பார்த்தால், மருந்து கண்மை மாதிரி குழைந்து கிடந்தது. கடைசியில் 13-ல் வெடித்தவை 7. பக்கத்தில் சுட்டவருக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. இத்தனைக்கும் அவர் கிண்ணியில் போட்டது குழலுக்குள் போடும் அதே 3 எஃப் மருந்துதான்.

விற்றவரைக் கேட்டேன். "கிண்ணியைத் துடைக்காமல் போட்டிருப்பீர்கள்" என்றார். பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கரிமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் எந்த மருந்தைப் போட்டாலும் நனையும். அன்றைக்கு அவசரத்தில் நான் ஒவ்வொரு முறையும் துடைக்கவில்லை.

சரி, கசடே இல்லாமல் பார்ப்போம் என்று வீட்டில் ஒரு சோதனை செய்தேன். இரண்டு சுத்தமான தட்டுகளில் சிட்டிகை சிட்டிகையாக மருந்து. ஒன்றில் புட்டி மருந்து, இன்னொன்றில் தயாரிப்பாளரின் முத்திரையோடு வந்த 4 எஃப். இரண்டையும் ஈரத்துணியோடு ஒரு டப்பாவில் மூடி இரவு முழுக்க வைத்தேன். காலையில் 4 எஃப் தட்டைச் சாய்த்ததும் உருண்டது. புட்டி மருந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. லென்ஸில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நல்ல மருந்தின் மணிகளில் கிராபைட் பூச்சு பளபளக்கும். ஈரம் ஏறுவதை அது தாமதப்படுத்தும், தடுக்காது. புட்டியில் இருந்ததோ பூச்சே இல்லாத, ஒழுங்கற்ற தூசி. பெரிய மணி மருந்தை யாரோ நசுக்கி நிரப்பியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். மருந்து நைசாக ஆக, காற்றுபடும் பரப்பு கூடும். மழைக்காலத்துக்கு வேண்டியதற்கு நேர் எதிர்! அதுபோக, கரிமருந்தை அரைப்பது உயிரோடு விளையாடுகிற வேலை.

சோதனையைச் சொன்னதும் பேச்சு மாறியது. திறந்த புட்டியைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். தயாரித்தது யார், தொகுதி எண் என்ன என்று கேட்டேன், பதிலே இல்லை.

இப்படி வேறு புட்டியில் மாற்றிக் கட்டிய மருந்தை நினைத்தால் இன்னொரு பயமும் வருகிறது. உள்ளே இருப்பது கரிமருந்துதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. கரிமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும், கிண்ணியில் சரிப்படாது. இக்காலத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்து கலந்திருந்தால் துப்பாக்கியே சிதறலாம்.

இப்போது உலர்ந்த நாளில் 4 எஃப், ஈர நாளில் 3 எஃப். 3 எஃப் பற்றும் வேகம் கொஞ்சம் குறையுமாம், என் கைக்குத் தெரியவில்லை. கிண்ணி, கல், எஃகு மூன்றையும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைக்கிறேன். கிண்ணியிலிருந்து குழலுக்குத் தீ போகும் ஓட்டையான பற்றுவாயில் ஊசி விட்டு எடுக்கிறேன். சுடுவதற்குச் சற்று முன்புதான் கிண்ணியில் மருந்து போடுவது. காத்திருக்க நேர்ந்தால் அதைத் தட்டிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். தூறலில், கல்லும் எஃகும் கிண்ணியும் உள்ள பூட்டின்மேல் தோல் உறையும் உண்டு.

அந்தப் புட்டி இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது, லேபிளின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது.