காணாமல் போன கோட் ஃபைலைத் தேட: ஃபைண்டா, லொகேட்டா?

கும்பகோணத்தில் நெல் மில்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதும் சிறு குழு எங்களுடையது. குறுவை அறுவடை நெருங்கினால் எடை, ஈரப்பதம், சாக்கு என்று தினமும் ஒரு திருத்தம் வரும். அந்த அவசரத்தில் ஏதாவது ஒரு ஃபைல் இடம் மாறிவிடும். "அண்ணே, ஃபைலைக் காணோம்" என்று குரல் வந்தால் ஃபைல் தேடும் லினக்ஸ் கட்டளைகளான ஃபைண்ட், லொகேட் இரண்டில், டெர்மினலில் நாங்கள் முதலில் தட்டுவது ஃபைண்ட்தான்.

வேகத்தில் லொகேட்தான் முந்தும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அது டிஸ்க்கைத் தேடுவதில்லை. முன்பே எடுத்து வைத்த பட்டியலைப் பார்த்துச் சொல்கிறது. அந்தப் பட்டியலை அப்டேட்டிபி என்ற கட்டளை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். காலையில் எழுதி மதியம் தொலைத்த ஃபைல் அதில் இருக்காது. அழித்த ஃபைலோ இன்னும் இருப்பதாகவே காட்டும். சுடோ (நிர்வாகி அனுமதி) போட்டு அப்டேட்டிபி ஓட்டலாம்தான். ஆனால் கஸ்டமர் சர்வரில் நமக்கு யார் சுடோ தருவார்கள்?

ஃபைண்ட், கேட்கிற நேரத்தில் டிஸ்க்கில் இருப்பதைச் சொல்லும். எனக்கு இந்த ஒன்றே போதும். ரூட்டிலிருந்து (எல்லா ஃபோல்டருக்கும் மேலே உள்ள இடம்) தேடினால் நேரம் இழுக்கும், 'பெர்மிஷன் டினைட்' வரிகள் குவியும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று தேடினால் அந்தத் தொல்லை இல்லை.

பெயரைத் தேட 'ஹைபன் நேம்' வேண்டாம், 'ஹைபன் ஐநேம்' போடுங்கள்; அது ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. விண்டோஸில் எழுதியவர் ஃபைல் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பார், கோட் சின்ன எழுத்தில் அழைக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் ஃபைலே இல்லை என்று நின்றுவிடும். லொகேட்டிலும் இதற்கு 'ஹைபன் ஐ' உண்டு.

பெயரே நினைவில்லையா? 'ஹைபன் எம்மின் மைனஸ் 60', கடந்த ஒரு மணி நேரத்தில் உள்ளடக்கம் மாறியவற்றைக் காட்டும். ஆனால் கைதவறி எம்வி (இடம் மாற்றும் கட்டளை) செய்த ஃபைல் இதில் சிக்காது. இடம்தான் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை, அதனால் பழைய நேரமே நிற்கும். அப்போது ஃபைலின் விவரங்கள் மாறிய நேரத்தைப் பார்க்கும் 'ஹைபன் சிமின்' போட வேண்டும். பெயரோ இடமோ மாறினால் லினக்ஸில் பொதுவாக அந்த நேரம் புதிதாகிவிடும். லொகேட்டிடம் இப்படிக் கேட்கவே வழியில்லை.

மேக்கில் எனக்குப் புழக்கம் குறைவு. அதன் தேடல் கட்டளையான எம்டிஃபைண்டை எப்போதாவதுதான் தொட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஃபைல் அழிந்தே போயிருந்தால் இரண்டுமே உதவாது. அப்புறம் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் லாக்கில், அழித்தவற்றை மட்டும் காட்டும் 'டிஃப் ஃபில்டர்' டி என்று கொடுத்து, எந்தக் கமிட்டில் (பதிவில்) போனது என்று பார்த்து, அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறையாவது கமிட் செய்திருந்தால்தான் அதுவும் நடக்கும்.