சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடை: பாட்டிலா, சென்சாரா, பூச்சியா?

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஓடைக்குக் கேடு இரண்டு வேகத்தில் வரும். வெட்டிக் குவித்த கழிவுப் பாறையில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. அது பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்து, ஆண்டுக்கணக்கில் ஓடையில் கசியவிடும். இன்னொன்று ஒரே இரவில் வருவது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படும் சயனைடு நஞ்சு கலந்த நீர் சுமார் 1 லட்சம் கன மீட்டர் வெளியேறி, டிசா ஆறு வழியாக டான்யூப் வரை போனது.

இந்தக் கேட்டைக் கண்டுபிடிக்க மூன்று வழிகளை ஒப்பிடலாம். பாட்டிலில் நீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் பழைய முறை. மூன்றில் எந்த உலோகம், எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது இது மட்டுமே. குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு நுணுக்கத்துக்கு ஆய்வகமே நம்பகமான வழி. வழக்கென்று போனாலும் ஆய்வக அறிக்கைக்குத்தான் மதிப்பு.

ஆனால் பாட்டில் வேலை ரொம்பக் கறாரானது. கரைந்த உலோகத்தை அளக்க, நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் அளவை (அமில-காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம்) 2-க்குக் கீழே இறக்க வேண்டும். சயனைடு பாட்டிலுக்கு நேர் எதிர்: சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 12-க்கு மேலே ஏற்றி, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்து, 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். மாறிப்போய் சயனைடு நீரில் அமிலம் விழுந்தால், அது ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகப் பறந்துவிடும். எடுத்தவருக்கு ஆபத்து, அறிக்கையிலோ அளவு குறைந்து, ஓடை சுத்தமாகத் தெரியும்! மொத்த சயனைடா, தனி சயனைடா (உலோகத்தோடு பிணையாதது), வலுவற்ற அமிலத்தில் பிரிவதா என்பதையும் ஆய்வகத்திடம் தெளிவாகக் கேட்க வேண்டும். மொத்தக் கணக்கில் இரும்போடு இறுகப் பிணைந்ததும் சேர்ந்துவிடும். மீனை உடனே கொல்வது தனி சயனைடுதான்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் மாதம் ஒரு பாட்டில் என்றால் நடுவில் நடப்பது தெரியாது. கோடையில் பாறை மேல் பூத்த அமில உப்புகளை முதல் மழை சில மணி நேரத்தில் அடித்துக்கொண்டு போய்விடும்.

அங்கேதான் சென்சார். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்துகொண்டே இருக்கும். இதில் என் ஓட்டு மின்கடத்துத்திறனுக்கு, அதாவது நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்ற அளவுக்கு; கரைந்த உப்புகள் கூடினால் அது ஏறும். சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் அமிலம் நடுநிலையாகி, பிஎச் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். அந்தக் கந்தக அமிலத்தின் சல்ஃபேட் நீரில் கூடிக் கடத்துத்திறன் மட்டும் மெல்ல ஏறும். ஒரு சிக்கல்: மழைநீர் கலந்து அளவு இறங்கவும் செய்யும். அதனால் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பதியாவிட்டால் அந்த வரைபடத்தால் பயன் குறைவு. ஆர்செனிக்கையோ சயனைடையோ இந்தக் கருவி அறியாது. 'எல்லா உலோகத்தையும் ஓடையிலேயே அளக்கும்' என்று விற்க வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்புறம், அமில நீர் ஓடையில் செம்மஞ்சள் இரும்புப் படிவு முனையில் அப்பிக்கொள்ளும். துடைத்து, அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க ஆள் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஓடையடிப் பூச்சிகள். கல்லைக் காலால் கிளறி, வலையில் விழுவதை எண்ணுவார்கள். மேஃபிளை இளம்பூச்சிகள் பலவும் உலோகத்தைத் தாங்காது. அவை காணாமல் போய், தாக்குப்பிடிக்கும் சில வகைப் புழுக்களே மிஞ்சினால் கடந்த மாதங்களில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று பூச்சி சொல்லாது. வெள்ளம் அடித்துப் போனாலும், ஓடை வற்றினாலும் அதே காட்சிதான்.

கைக்காசு குறைவு என்றால் நான் வாங்கச் சொல்வது கடத்துத்திறனும் நீர்மட்டமும் பதியும் இரண்டு கருவிகள்: ஒன்று சுரங்கத்துக்கு மேலே, ஒன்று கீழே. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எகிறும் நாளில் பாட்டிலோடு ஓடுங்கள். தேதி பார்த்து எடுக்கும் மாதிரிகளைக் குறைத்துக்கொள்ளலாம். பூச்சிக் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே பருவத்தில் எடுத்தால் போதும். சுரங்கம் இன்னும் தொடங்கவில்லை என்றால் இப்போதே அளக்க ஆரம்பிப்பது நல்லது. இல்லையேல் 'இந்தப் பாறையில் ஆர்செனிக் இயற்கையாகவே இருந்தது' என்று நிறுவனம் சொல்லும்போது எடுத்துக்காட்ட எதுவும் இருக்காது.