சேஷையா சாஸ்திரியா, கோர்ட் ஆஃப் வார்ட்ஸா?

செட்டிநாட்டைச் சுற்றி இருந்த ஒரு சமஸ்தானத்திலும் ஒரு ஜமீனிலும் வாரிசுகள் சிறுவர்களாக இருந்தபோது ஆட்சி நடந்த விதம் வேறு வேறு. இரண்டில் எது மேல் என்பதே கேள்வி.

ராயவரம், கோனாப்பட்டு போன்ற நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1886-ல் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பட்டத்துக்கு வந்தபோது வயது பத்துதான். ஏற்கெனவே திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியே 1894 வரை ரீஜன்டாக, அதாவது சிறுவ மன்னருக்குப் பதிலாக, ஆண்டார். மன்னர் வளரட்டும் என்று அவர் வேலையைத் தள்ளிப்போடவில்லை. 1888-ல் இனாம் நிலங்களை (அரசு மானியமாகக் கொடுத்தவை) ஒழுங்குபடுத்தினார். அதற்கு முன்பே அமானி முறையை மாற்றத் தொடங்கியிருந்தார். அமானியில் களத்து நெல்லிலேயே அரசுக்குப் பங்கு அளக்க வேண்டும்; அதிகாரி வரும்வரை விளைந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதை ரொக்கத் தீர்வையாக்கியது உழவர்களுக்குப் பெரிய விடுதலை.

ராமநாதபுரம் ஜமீனில் கதை வேறு. 1873-ல் வாரிசான பாஸ்கர சேதுபதி சிறுவன். வயது வராத வாரிசுகளின் ஜமீன்களைக் கவனித்த ஆங்கில அரசின் வாரியமான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் 1889 வரை நிர்வகித்தது. அவரைச் சென்னையில் ஆங்கிலக் கல்வி கொடுத்து வளர்த்தது. சரி, கணக்கு வழக்கு ஒழுங்காக இருந்திருக்கலாம். ஆனால் வாரியத்துக்கு ஊரோடு ஒட்டுதல் எங்கிருந்து வரும்? சேதுபதி பொறுப்பேற்ற பின் வாரி வழங்கிக் கடனில் சிக்கினார்.

என் ஓட்டு சாஸ்திரிக்கே. புதுக்கோட்டை நகரின் புதுக்குளம் அவர் வெட்டுவித்தது.