இங்க்ஸ்கேப்பில் ஒளியும் நிழலும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

படம் வரைவதற்கான இங்க்ஸ்கேப் மென்பொருளின் 1.0 பதிப்பு 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளியானது. அன்றுமுதல் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நான் முறையாக ஓவியம் பயின்றவன் அல்லன். மதுரையின் மண்டபங்களையும் மலைகளையும் விளாச்சேரி மண்பொம்மைகளையும் வெக்டர் படங்களாக, அதாவது புள்ளிகளால் அன்றிக் கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன படங்களாக வரைய வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியவன். பேனா கருவியைப் பிடிப்பது எப்படி, கோட்டின் வளைவை முடிவு செய்யும் நோட்களை இழுப்பது எப்படி என்பவற்றுக்குக் காணொளிகள் ஏராளமாக இருப்பதால், புதிதாக வருபவர்கள் நெடுங்காலம் திணறும் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்: ஒன்று ஷேடிங், அதாவது ஒளியும் நிழலும் கொடுப்பது; மற்றொன்று காட்சியமைப்பு, அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது. இவ்விரண்டிலும் எனக்குக் கைகொடுத்தவை கண்ணைப் பறிக்கும் பெரிய கருவிகள் அல்ல. மெனுக்களுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும் சில எளிய வசதிகளே.

பென்சிலில் வரையும்போது கையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே நிழலைக் கொண்டுவந்துவிடலாம். வெக்டரில் அது நடக்காது. ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு வடிவம் வேண்டும், அந்த வடிவத்துக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும், அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை வரைபவரே முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவைத் தள்ளிப்போடுவதற்கு மிக வசதியான கருவி, ஒரு நிறத்தை மெல்ல மற்றொன்றாக மாற்றும் கிரேடியன்ட். ஒரு தூணை வரைந்து, இடப்பக்கம் வெளிர் நிறமும் வலப்பக்கம் அடர் நிறமும் வைத்து இழுத்துவிட்டால் ஏதோ உருண்டு திரண்டதுபோல் தோன்றும். ஆனால் பார்ப்பவருக்கு அது தூணாகத் தெரியாது, பிவிசி குழாயாகத்தான் தெரியும்.

திருமலை நாயக்கர் மகாலுக்குள் காலை வேளையில் சென்று ஒரு தூணை நிதானமாகப் பார்த்தால் காரணம் விளங்கும். 1636இல் எழுப்பப்பட்ட அந்த அரண்மனையின் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. வெயில் படும் பக்கம் வெளிச்சமாகவும் எதிர்ப்பக்கம் இருட்டாகவும் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உண்மையில் மிக இருண்ட பட்டை தூணின் விளிம்பில் இருப்பதில்லை. ஒளி முடியும் இடத்தை அடுத்து, விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அதையும் தாண்டி விளிம்பை நெருங்கும்போது தூண் மறுபடியும் சிறிது வெளுக்கிறது. வெயில் பட்ட தரையிலிருந்து தெறித்து வரும் எதிரொளிதான் அதற்குக் காரணம். மேலே நிமிர்ந்து வளைவுகளின் அடிப்பகுதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும்: நேரடி வெயிலே படாத அந்த இடம், கீழிருந்து வரும் வெளிச்சத்தால் இளஞ்சூடான நிறத்தில் துலங்குகிறது. எதிரொளி எவ்வளவு வெளுத்தாலும் வெயில் படும் பக்கத்தின் எந்தப் பகுதியையும்விட மங்கலாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வரம்பு மீறினால் தூணின் திரட்சி குலைந்துவிடும்.

ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான். பொருளின் முழு வடிவத்தையும் ஒரே தட்டையான நிறத்தில் வரைந்துகொள்கிறேன். அதன்மேல் நிழல் வடிவத்தை, பொருளின் எல்லைக்கு வெளியே வழிந்தாலும் பரவாயில்லை என்று தாராளமாக வரைகிறேன். பிறகு மூல வடிவத்தின் பிரதியைக் கொண்டு அந்த நிழலைக் கிளிப் செய்துவிடுகிறேன், அதாவது எல்லைக்கு வெளியே வழிந்ததை மறைத்துவிடுகிறேன். வெட்டி எடுக்காமல் கிளிப் செய்வதால் நிழலின் கோட்டைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். வளைவுக்குள் வளைவாக அடுக்கி நிற்கும் மகால் தோரணங்கள் போன்ற இடங்களில் மட்டும் 2023 ஜூலையில் வந்த 1.3 பதிப்பின் ஷேப் பில்டர் கருவி உண்மையான வரம். குறுக்கும் நெடுக்குமான வடிவங்களைச் சொடுக்கிச் சொடுக்கிப் பிரித்தெடுத்துவிடலாம். இரண்டு அல்லது மூன்று தட்டை நிறங்களிலேயே தூண் தூணாகத் தெரியும்வரை கிரேடியன்டையும் விளிம்பை மங்கலாக்கும் பிளரையும் தொடுவதில்லை.

பிளர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு இயற்கையே கணக்கு வைத்திருக்கிறது. வளைந்த பரப்பின்மேல் ஒளி மெல்ல நிழலாக மாறும் இடத்தில் விளிம்பு மென்மையாக இருக்கும். ஒரு பொருள் மற்றொன்றின்மேல் வீழ்த்தும் நிழலின் விளிம்போ கூர்மையாக இருக்கும். அந்தக் கூர்மையும் தூரத்தைப் பொறுத்ததே. வானில் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. எனவே நிழல் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் அதன் விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கும். தூணின் அடியில் கத்திபோல் தொடங்கும் நிழல், தரையில் நீண்டு செல்லச் செல்ல நெகிழ்வது இதனால்தான். இங்க்ஸ்கேப்பில் பிளர் அளவு வடிவத்தின் அளவைப் பொறுத்த விழுக்காடாக இருப்பதால், பெரிய நிழலுக்கும் சிறிய நிழலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மென்மை ஒன்றாக அமையாது. கண்ணால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நிழல் பழக நேரம் முக்கியம் என்பதையும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாட்களில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த வேளையில் ஒரு பித்தளைக் குடத்தை முற்றத்தில் வைத்தால் நிழல் அதன் வயிற்றுக்கு அடியிலேயே சுருண்டுவிடும். வடிவத்தைப் படிக்க அது உதவாது. காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ எடுத்த புகைப்படங்களைக் கொண்டே பழகுங்கள்.

அடுத்தது நிறம். நிழல் என்றால் அதே நிறத்தில் கொஞ்சம் கறுப்பைக் கலப்பது என்று பலரும் செய்கிறார்கள். படம் அழுக்கேறியதுபோல் ஆகிவிடுகிறது. திறந்த வெளியில் நிழலுக்குள் விழுவது வானத்தின் வெளிச்சம் என்பதால், வெள்ளைச் சுதைமேல் விழும் நிழலில் ஒரு நீலச்சாயல் இருக்கிறது. நிறச் சக்கரத்தில் ஒளிர்வைக் குறைக்கும்போது சாயலையும் சிறிது நீலப்பக்கம் நகர்த்தினால் வெயிலே கூடியதுபோல் தோன்றும். நிறத்தைச் சாயல், செறிவு, ஒளிர்வு என்று பிரித்துக் காட்டும் எச்எஸ்எல் எண்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் ஒளிர்வு 50 என்றே காட்டும். கண்ணுக்கோ மஞ்சள் பளிச்சென்றும் நீலம் மிக இருண்டும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஒட்டிக் கணக்கிடும் எச்எஸ்எல்யுவி என்ற தெரிவு இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது. அதைவிட எளிய வழி, வியூ மெனுவில் உள்ள கிரேஸ்கேல் காட்சி. கோப்பில் எதையும் மாற்றாமல் திரையை மட்டும் சாம்பல் நிறமாக்கும் இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த மென்பொருளைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

ஷேடிங்கையும் காட்சியமைப்பையும் இணைத்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விளாச்சேரியில் கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. “வெள்ளையைக் கடைசியிலதான் வைப்பீங்களாம்மா?” என்று கேட்டேன். தூரிகையை எடுக்காமலே பதில் சொன்னார்: “மடிப்புல மொதல்ல இருட்ட வச்சுறணும் தம்பி. வெள்ளை கண்ணுக்குள்ள வைக்கிறதுதான். அதைவிட வெள்ளையா வேற எங்கயாச்சும் வச்சா, சாமி மொகம் எடுபடாது.” படத்தின் மிகப் பிரகாசமான புள்ளியும் மிக ஆழமான இருட்டும் சந்திக்கும் இடத்துக்கே கண் முதலில் போகும். நகைக்கும் சேலைக்கரைக்கும் தரைக்கும் ஒரே அளவு பளபளப்பைக் கொடுத்துவிட்டால், பார்ப்பவரின் கண்ணுக்குப் போய் நிற்க இடமில்லாமல் போகிறது.

காட்சியமைப்புக்கு யானைமலையை எடுத்துக்கொள்வோம். ஒத்தக்கடைப் பக்கம் நின்று பார்த்தால் படுத்திருக்கும் யானையாக நீளும் அந்தப் பாறை, தாளின் குறுக்கே ஒரே கோடாக ஓடிப் படத்தை இரண்டாகப் பிளந்துவிடும் இயல்புடையது. மலையடிவாரக் கோட்டைத் தாளின் நடுவில் வைக்காமல், கீழ் மூன்றில் ஒரு பங்கிலோ மேல் மூன்றில் ஒரு பங்கிலோ வைத்துப் பார்க்க வேண்டும். முன்னே தென்னைகள் அடர் நிறம், நடுவே மலை இடைநிறம், பின்னே வானமும் தொலைவில் அழகர்மலைத் தொடரும் வெளிர் நீலம் என்று மூன்றே நிறங்களில் சிறு மாதிரிகள் செய்துகொள்ளலாம். 2022 மே மாதம் வந்த 1.2 பதிப்பு முதல் ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்க முடிவதால், மாதிரிகளை அருகருகே அடுக்கி ஒப்பிடுவது எளிதாகிவிட்டது. மூன்று நிறங்களும் சம அளவு இடம் பிடித்தால் படம் சோம்பிக் கிடக்கும். ஒன்று பெரும்பகுதியை ஆள வேண்டும்.

மாதிரியைச் சோதிக்க ஐகான் பிரிவியூ பலகையைத் திறந்து வைக்கிறேன். ஐகான் வரைபவர்களுக்காக உள்ள இது, படத்தை 16, 32, 48 பிக்சல் போன்ற சிற்றளவுகளில் காட்டும். 48 பிக்சலில் யானையின் தலை தலையாகத் தெரிந்தால் அமைப்பு நிற்கும். தெரியாவிட்டால் பாறை வெடிப்புகளை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் பயன் இல்லை. கேன்வாஸைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்ப்பதும் ஒருபக்கச் சாய்வை உடனே காட்டிக்கொடுக்கும். தென்னையின் உச்சி மலைக்கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்பதுபோன்ற இடறல்கள் நிறங்களுக்குள் மறைந்துகொள்ளும். கன்ட்ரோலும் 5-உம் அழுத்தி கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் காட்சிக்குப் போனால் தப்பாது. மரம் மலைக்கோட்டைத் தெளிவாகத் தாண்ட வேண்டும், அல்லது தெளிவாக அதற்குக் கீழே நிற்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரே வடிவத்துக்குள் வலைபோலப் பல நிறங்களைக் கலக்கும் மெஷ் கிரேடியன்ட் 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்தே இருக்கிறது. முகத்துக்கும் பழத்துக்கும் அழகாகப் பொருந்தும். ஆனால் உலாவிகள் அதைத் தாமாகக் காட்டுவதில்லை என்பதால், இணையத்துக்குச் செல்லும் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்புகளில் அதைத் தவிர்க்கிறேன். பிளர் அதிகமான படங்கள் பழைய கணினிகளில் தடுமாறும். வரையும்போது பிளர் போன்ற ஃபில்டர்கள் இல்லாத காட்சிக்கு மாறிக்கொள்வது நல்லது. பிடிஎஃப் ஆக்கும்போது பிளர் உள்ள பகுதிகள் பிக்சல்களாக மாற்றப்படுகின்றன. அதற்கான தெளிவளவு முன்னிருப்பாக 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள்) என்றே இருக்கும். அச்சகத்துக்குக் கொடுப்பதானால் ஏற்றுமதிப் பலகையிலேயே 300 ஆக்கிவிடுங்கள். அச்சிலும் திரையில் கண்ட அடர் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து கறுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே இருண்ட நிறங்களை ஒரு படி வெளுக்க வைத்த தனிப்பிரதி ஒன்றை அச்சுக்கென்று சேமித்து, ஏ4 அளவில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பார்த்த பிறகே மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.