ஸ்கார்லாட்டி சொனாட்டா: ஹார்ப்சிகார்டா, பியானோவா?

இத்தாலிய இசையமைப்பாளர் டொமெனிகோ ஸ்கார்லாட்டி (1685–1757) இயற்றிய 555 சொனாட்டாக்களில் (கட்டைக் கருவிக்கான குறுகிய இசைப்படைப்புகள்) ஒன்றைக் கற்க விரும்புவோர், பியானோவிலா, அதற்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டிலா, எதில் வாசிப்பது என்று தயங்குவதுண்டு.

ஒலி: ஹார்ப்சிகார்டில் பறவை அலகு போன்ற சிறு முனை ஒன்று தந்தியை மீட்டுவதால், விரலின் அழுத்தம் கூடினாலும் ஒலியளவு ஏறக்குறைய மாறாது. பியானோவில் சுத்தியல் தட்டுவதால் மென்மையும் வன்மையும் விரலுக்குக் கட்டுப்படும். ஆயினும், கிதாரை நினைவூட்டும் அவருடைய நெருக்கமான சுரக்கூட்டுகள் ஹார்ப்சிகார்டில் காரமாகத் தெறிக்க, பியானோவின் கீழ்ச் சுரங்களில் அவை கனத்துக் குழம்பிவிடுகின்றன. என் காதுக்கு இதுவே தீர்மானமான வேறுபாடு.

விரல் வேலை: கே. 141 (கிர்க்பாட்ரிக் தொகுத்த பட்டியலில் 141ஆம் எண்) எனப்படும் டி மைனர் சொனாட்டாவில் ஒரே சுரம் விரைவாக அடுத்தடுத்து ஒலிக்கும். ஹார்ப்சிகார்டின் இலேசான கட்டைகளில் இது இயல்பாக அமையும். பியானோவின் கட்டைகள் கனமானவை, அவற்றுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும்.

பராமரிப்பு: ஹார்ப்சிகார்டுக்கு அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும், வீட்டுப் பியானோவுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஓரிரு முறை போதும்.

அவருடைய மாணவியான ஸ்பெயின் அரசி மரியா பார்பராவிடம் இரு வகைக் கருவிகளும் இருந்தன என்பதால், பியானோவில் வாசிப்பது பிழையன்று. வேகமும் தெறிப்பும் மிக்க சொனாட்டாக்களுக்கு ஹார்ப்சிகார்டும், பாடுவது போன்ற மெதுவான சொனாட்டாக்களுக்குப் பியானோவும் பொருந்தும். புதிதாகக் கற்பவருக்கு, எளிதில் கிடைக்கும் பியானோவே நடைமுறைக்கு ஏற்றது.