எம்ஜிஐ சுண்டெலித் தரவுத்தளம்: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்

டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவியால் திருத்திய சுண்டெலிகளின் மரபணு மாற்றங்களைத் தேடவும் பதியவும் முதலில் போக வேண்டிய இடம் எம்ஜிஐ (மவுஸ் ஜீனோம் இன்ஃபர்மாடிக்ஸ்) என்ற இணையத் தரவுத்தளம்தான். அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகம் நடத்துகிறது, கட்டணம் இல்லை.

இதன் பெரும் பலம் பெயரிடும் ஒழுங்கு. மரபணுக் குறியீட்டின் மேலெழுத்தாக ‘இஎம்1ஜே’ என்று இருந்தால், நியூக்ளியேஸ் நொதி வெட்டியதால் வந்த மாற்றம், அந்த மரபணுவில் அந்த ஆய்வகத்தின் முதல் அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்), ஆய்வகம் ஜாக்சன் என்று மூன்று செய்திகள் கிடைத்துவிடும். பழைய ஸ்டெம் செல் வழித் திருத்தம் என்றால் ‘டிஎம்’. ஒரே கைட் ஆர்என்ஏவில் (வெட்டும் இடத்தைக் காட்டுவது) பிறந்த இரு குட்டிகளில் ஒன்று 7 காரங்களையும் (டிஎன்ஏவின் எழுத்துகள்) மற்றது 6 காரங்களையும் இழந்திருந்தால் தனித்தனி எண் தர வேண்டும். காரங்கள் மும்மூன்றாக வாசிக்கப்படுவதால், 7 போனால் அந்த வாசிப்புச் சட்டகம் குலையும். 6 போனால் சட்டகம் அப்படியே இருக்கும், புரதம் வேலை செய்யவும் கூடும்.

தேடுபெட்டியில் மேலெழுத்தைக் கூர் அடைப்புக்குறிக்குள் (< >) இட வேண்டும். அகப்படாவிட்டால் மரபணுப் பெயரை மட்டும் இட்டு, உருவாக்கிய முறையை வைத்து வடிகட்டுங்கள்.

பலர் சறுக்குவது மாற்ற விவரப் பத்தியில். எந்த எக்ஸான் (இறுதி ஆர்என்ஏவில் இடம்பெறும் மரபணுத் துண்டு) போனது, எத்தனை காரங்கள், குரோமோசோமில் எந்த இடம் என்று நன்றாகவே எழுதியிருக்கும். ஆனால் பல பதிவுகளில் அந்த இடம் சுண்டெலி மரபணுத்தொகுதியின் பழைய பதிப்பான ஜிஆர்சிஎம்38 தொகுப்பின்படி இருக்கும். அதை அப்படியே புதிய ஜிஆர்சிஎம்39 உலாவியில் ஒட்டினால் வேறு இடத்தில் போய் நிற்கும், பிரைமரும் (டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆருக்கான தொடக்கத் துண்டு) தவறாக அமையும். இட எண்ணை முதலில் புதிய தொகுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, வெட்டுமுனையின் இருபுறமும் உள்ள வரிசையையே பொருத்திப் பார்ப்பது.

‘நல்’ (null, மரபணு முற்றிலும் செயலிழந்தது) என்ற வகைப்பெயரையும் அப்படியே ஏற்கக் கூடாது. அது பெரும்பாலும் வரிசையைப் பார்த்த கணிப்பு. வெட்டுப்பட்ட எக்ஸானைத் தாண்டிப் பிணையும் ஆர்என்ஏ குறும்புரதம் ஒன்றைத் தரலாம். பதிவில் புரதச் சோதனை இல்லையென்றால் வெஸ்டர்ன் பிளாட் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

புது அல்லீலைப் பதிவதாக இருந்தால் திருத்திய கருவிலிருந்து நேராகப் பிறந்த குட்டியின் வரிசையைக் கொடுக்காதீர்கள். அது மொசைக், அதாவது செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடலாம், வாலில் கண்டது விந்தணுவில் இல்லாமல் போகலாம். அதற்குப் பிறக்கும் எஃப்1 குட்டியில் வரிசை பாருங்கள். வெட்டிய இடத்தை ஒட்டி மட்டும் பிரைமர் வைத்தால், பெரிய நீக்கம் பிரைமர் ஒட்டும் இடத்தையே கொண்டுபோய்விடும். அப்போது பிசிஆரில் இயல்பான அல்லீல் மட்டுமே தெரியும். இன்னும் தொலைவில் மற்றொரு பிரைமர் இணையும் வைத்து ஓட்டிய பிறகே அனுப்புங்கள்.